வெயிலின் இரண்டாம் வேலை

வயது ஏற ஏறக் கண்ணிமைத் தோல் தளர்ந்து தொங்கிப் பார்வையை மறைக்கத் தொடங்கும்போது, உபரித் தோலை அறுத்து எடுத்துவிடுவார்கள். எடுத்த தோல் வழக்கமாகக் குப்பைக்குத்தான் போகும். கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள வெல்கம் சாங்கர் ஆய்வு நிறுவனத்தில் இனிகோ மார்ட்டின்கொரேனாவும் சகாக்களும் அந்தத் தோலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 55 முதல் 73 வயது வரையுள்ள நான்கு பேரின் இமைத் தோலிலிருந்து 234 சிறு துண்டுகளை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் புற்றுநோயோடு தொடர்புடைய 74 மரபணுக்களைத் துருவிப் படித்தார்கள். முடிவு 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நலமான தோல் என்று எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய அந்தத் தோலின் செல்களில் 18 முதல் 32 சதவீதம் வரை, புற்றுக்கு வழிவிடும் வகையைச் சேர்ந்த பிறழ்வுகளைச் சுமந்திருந்தன. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 140 பிறழ்வுகள். அவற்றுள் முன்வரிசையில் நின்றவை நாட்ச்1, பி53 போன்ற மரபணுக்கள். கட்டி உண்டாகாமல் அடக்கிவைப்பவை என்று நாம் பாடப்புத்தகங்களில் படிக்கும் அதே மரபணுக்கள்.

இந்த எண்களை முதலில் படிக்கும் எவரும் பதறுவார்கள். எனக்கு இவை வேறொன்றைச் சொல்கின்றன. அடக்கும் மரபணு கெட்டுப்போவதே புற்றுநோய் என்றால், அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொரு முகமும் கட்டிகளால் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருக்கவில்லை. ஆகவே மரபணு கெடுவதற்கும் நோய் வருவதற்கும் நடுவே வேறு பல காப்புகள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு நாளும் வேலை செய்கின்றன. தோல் புற்றுநோயைப் பற்றிய நம் பேச்சு, எந்த மரபணு உடைந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. உடைந்த பிறகும் நோய் ஏன் வரவில்லை என்ற கேள்விதான் மருத்துவத்துக்கும் பொதுநலக் கொள்கைக்கும் அதிகம் பயன்படும் என்பது என் வாதம். கேட்க எளிதாகத் தோன்றும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றுக்குப் போகும் முன் மரபணுக்களின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

1960களின் இறுதிவரை புற்றுநோய் என்பது செல்லுக்குள் புதிதாக ஒன்று சேர்வதால் வருவது என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. ஒரு வைரஸ், ஒரு நச்சு, அது தட்டி எழுப்பிய ஒரு வெறி. ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஹாரிஸ் 1969இல் புற்றுச் செல்லையும் சாதாரணச் செல்லையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார். இணைந்த செல் புற்றாக வளரவில்லை. சாதாரணச் செல்லில் இருந்த ஏதோ ஒன்று மற்றதன் வெறியை அடக்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் விழித்திரையில் வரும் கட்டியால் பாதிக்கப்பட்ட 48 நோயாளிகளின் விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் இந்தக் கட்டி வரும் என்று கணக்கிட்டுச் சொன்னார். பரம்பரையாக ஒரு பழுதோடு பிறந்த குழந்தைக்கு இன்னும் ஒன்று போதும். மற்றவர்களுக்கு இரண்டும் பிறந்த பிறகு நேர வேண்டும். அந்த மரபணுவைக் கையில் பிடிக்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால் சிந்தனை அங்கேயே திரும்பிவிட்டது. சேர்க்கையைப் போலவே இழப்பும் புற்றை உண்டாக்கும்.

பி53இன் வரலாறு இன்னும் விசித்திரமானது. 1979இல் பல ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இந்தப் புரதத்தைக் கண்டன. புற்றுச் செல்களில் அது குவிந்து கிடந்ததால், புற்றைத் தூண்டுவது இதுவே என்று பத்து ஆண்டுகள் நம்பினார்கள். ஆய்வுக்கூடங்களில் கைமாறிக்கொண்டிருந்த பி53 மரபணுப் பிரதிகள் பல ஏற்கெனவே பிறழ்ந்தவை. கெட்டுப்போனதைப் பார்த்து முழுமையானதன் குணத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1989இல் பெர்ட் ஃபோகல்ஸ்டைன், ஆர்னால்ட் லெவைன் ஆகியோரின் குழுக்கள் இதைத் தலைகீழாக்கின: பழுதில்லாத பி53 கட்டியை அடக்குகிறது, அதை இழந்தால்தான் ஆபத்து. 1992இல் டேவிட் லேன் அதற்கு மரபுத்தொகுதியின் காவலர் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதோடு, காவலர் விழுந்தால் கோட்டை விழும் என்ற கற்பனையும் ஒட்டிக்கொண்டது. தோல் இந்தக் கற்பனைக்கு உடன்படுவதில்லை.

தோலை ஆய்வாளர்கள் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. நுரையீரலிலோ குடலிலோ ஒரு பிறழ்வைக் கண்டால், எது அதை உண்டாக்கியது என்று திட்டமாகச் சொல்வது கடினம். தோலில் சொல்லிவிடலாம். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் சைட்டோசின், தைமின் எழுத்துகளைத் தவறாகப் பிணைத்துவிடுகிறது. பெரும்பாலும் செல் அதைச் சீர்செய்துவிடும். சீர்செய்யாமல் விட்ட இடத்தில், அடுத்த முறை நகலெடுக்கும்போது சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு சைட்டோசின்கள் இரண்டு தைமின்களாக மாறியிருந்தால், அங்கே வெயில் பட்டிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். வேறு எதுவும் அரிதாகவே அப்படிச் செய்யும். 1991இல் டக்ளஸ் பிராஷ் குழுவினர், தோல் புற்றின் ஒரு வகையான ஸ்குவாமஸ் செல் புற்றுகள் 24ஐச் சோதித்தபோது 14இல் பி53 பழுதாகியிருந்தது. அந்தப் பழுதுகளில் வெயிலின் இந்த அடையாளம் பதிந்திருந்தது. சூரியனுக்கும் தோல் புற்றுக்கும் உள்ள உறவு அதுவரை புள்ளிவிவரம் காட்டிய தொடர்பாக இருந்தது. அன்றிலிருந்து அது மரபணுவின் எழுத்திலேயே எழுதப்பட்ட சாட்சியம்.

யேல் பல்கலைக்கழகத்தில் பிராஷின் ஆய்வுக்கூடம் இதோடு நின்றுவிடாமல் அடுத்த கேள்வியைக் கேட்டது. இந்தத் துறையில் வந்த ஆய்வுகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். தோலில் ஒரு நாளில் அளவுக்கு மீறி வெயில் பட்டால், டிஎன்ஏ மிகவும் சிதைந்த செல்கள் தாமாகவே அழிந்துவிடுகின்றன. அப்படி அழியச் சொல்வது பி53. சுண்டெலிகளின் தோலில் பி53ஐ நீக்கிவிட்டுப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது, அழியும் செல்களின் எண்ணிக்கை குறைந்துபோனது. 1994இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்த ஆய்வு ஒரு முடிவைச் சொன்னது: வெயில் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை, ஏதோ ஒரு செல்லின் பி53ஐக் கெடுப்பது. இரண்டாவது வேலை, பிறகு வரும் ஒவ்வொரு கடும் வெயிலிலும் அக்கம்பக்கத்து நலமான செல்களைக் கொன்று, சாகத் தெரியாத அந்த ஒரு செல்லுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பது. கடும் கோடையில் நெல் கருகிய வயலில் கோரை மட்டும் பரவுவதைப் போன்றது இது. கோரைக்கு வீரியம் கூடிவிடவில்லை, நெல் இல்லாமல் போனது. 1996இல் அதே கூடத்தினர் நலமான மனிதத் தோலிலேயே பி53 பிறழ்ந்த செல்திட்டுகளைக் கண்டார்கள். ஒவ்வொரு திட்டிலும் 60 முதல் 3000 செல்கள். வெயில் படும் தோலில் அவை பெரிதாகவும் அதிகமாகவும் இருந்தன. மறைந்த தோலில் சிறிதாகவும் குறைவாகவும்.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்ப்பது என் வாதத்துக்கு உயிரானது. முதல் வேலை முடிந்துவிட்டது என்பதால் கதை முடிந்துவிடுவதில்லை. திட்டு 3000 செல்களிலேயே நின்றுவிடலாம், சுருங்கலாம், மறைந்தும் போகலாம். வெள்ளைத் தோலுள்ள முதியவர்களின் முகத்திலும் கையிலும் தோன்றும் சொரசொரப்பான வெயில் தடிப்புகள், புற்றுக்கு முந்தைய நிலை என்று வகைப்படுத்தப்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பான்மை புற்றாக மாறுவதே இல்லை; பல தாமாகவே மறைந்துவிடுகின்றன. செல்லுக்குள் மரபணு அப்படியே பழுதாக இருக்க, செல்லைச் சுற்றியுள்ள திசு அதை அடக்கியோ வெளியே தள்ளியோ விடுகிறது.

நாட்ச்1இன் நடத்தை இதை இன்னும் தெளிவாக்கும். கண்ணிமைத் தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு செல்லில் இந்த மரபணு பிறழ்ந்திருந்தது. அடித்தளத்தில் பிறக்கும் தோல் செல்லை, பெருகுவதை நிறுத்தி மேலே நகர்ந்து முதிர்ந்து உதிரும்படி அனுப்பிவைப்பது நாட்ச். மனிதத் தோலில் அது புற்றை அடக்குகிறது என்பதற்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட செமகசெஸ்டாட் என்ற மருந்து, தன் போக்கில் நாட்சின் வேலையையும் தடுத்துவிட்டது; அதை உட்கொண்டவர்களுக்குத் தோல் புற்று கூடியது; 2010இல் சோதனை நிறுத்தப்பட்டது. இதே மரபணு உணவுக்குழாயில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. நடுவயதைக் கடந்தவர்களின் நலமான உணவுக்குழாயில் நாட்ச்1 பிறழ்ந்த செல்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே வரும் புற்றிலோ அந்தப் பிறழ்வு அதைவிடக் குறைவு. சுண்டெலிகளில் பார்த்தபோது, இப்படிப் பிறழ்ந்த செல்கூட்டங்கள் புதிதாக அரும்பிய சிறு கட்டிகளை நெருக்கி வெளியேற்றுவதையும் கண்டார்கள். ஆகவே அடக்கும் மரபணு என்ற பட்டம் அந்த மரபணுவுக்கு நிரந்தரமாக உரியதன்று. எந்தத் திசுவில், எந்த அண்டை செல்களோடு, எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தே அந்தப் பட்டம் செல்லும்.

மச்சம் இதற்குக் கண்ணெதிரே உள்ள இன்னொரு சான்று. சாதாரண மச்சங்களில் பெரும்பான்மையானவை பிராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிறழ்வைச் சுமக்கின்றன. மிகக் கொடிய தோல் புற்றான மெலனோமாவிலும் அதே பிறழ்வுதான் அடிக்கடி காணப்படுகிறது. பெருகு, பெருகு என்று ஓயாமல் கட்டளையிடும் பிறழ்வு அது. நிறமிச் செல் கொஞ்சம் பெருகுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. நின்றுபோன செல்களில் பி16 என்ற அடக்கும் புரதம் மேலோங்கியிருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். அதை உண்டாக்கும் சிடிகேஎன்2ஏ மரபணு பரம்பரையாகக் கெட்டிருக்கும் குடும்பங்களில் மெலனோமா தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தாரின் மச்சங்களிலும் பெரும்பாலானவை ஓரளவு வளர்ந்து நின்றுவிடுகின்றன. பி16 ஒன்றே அவற்றை நிறுத்தவில்லை, வேறு தடைகளும் இருக்கின்றன என்பது தெளிவு. நாற்பது வயதுக்குக் கீழ் ஒரு குறிப்பிட்ட மச்சம் ஓர் ஆண்டில் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு இரண்டு லட்சத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பில் இருபது முப்பது மச்சங்களோடு நடமாடும் மனிதர், புற்றைத் தூண்டும் மரபணுவை ஆயிரக்கணக்கான செல்களில் சுமந்துகொண்டு, எந்தக் குறையும் இல்லாமல் முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடிக்கிறார்.

இங்கே முதல் மறுப்பு எழும். மரபணு அவ்வளவு தீர்மானமானதல்ல என்றால், ஒரே ஒரு மரபணு கெட்டுப் பிறந்தவர்களின் நிலை என்ன? கோர்லின் நோய்க்குறி உள்ளவர்களை எடுத்துக்கொள்ளலாம். 1960இல் ராபர்ட் கோர்லினும் ராபர்ட் கோல்ட்ஸும் விவரித்த நோய் இது. இளவயதிலிருந்தே பேசல் செல் புற்று என்ற வகைத் தோல் கட்டிகள் வரிசையாக வரும், சிலருக்கு நூற்றுக்கணக்கில். இதற்குக் காரணமான பேட்ச்டு மரபணு முதலில் பழ ஈயின் கருவில்தான் அறியப்பட்டது. ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்த கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1995இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரில் அந்த மரபணுவின் பழுதே கோர்லின் நோய்க்குக் காரணம் என்று 1996இல் இரண்டு குழுக்கள் கண்டறிந்தன. பரம்பரைப் பழுது எதுவும் இல்லாதவர்களுக்கு வரும் பேசல் செல் புற்றுகளிலும் பெரும்பாலும் இதே பாதைதான் கெட்டிருக்கிறது. பேட்ச்டு அடக்கிவைக்கும் ஸ்மூதன்டு என்ற புரதத்தை மறிக்கும் விஸ்மோடெஜிப் மருந்து 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோர்லின் நோயாளிகளின் கட்டிகளை அது சுருக்கியது. நிறுத்தியதும் கட்டிகள் திரும்பி வந்தன. தசைப்பிடிப்பும் நாச்சுவை இழப்பும் முடியுதிர்தலும் தாங்காமல் பலர் இடையிலேயே நிறுத்தினார்கள்.

இதைவிட மரபணுவின் வலிமைக்கு என்ன சான்று வேண்டும் என்று கேட்கலாம். சான்று வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நோயில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் கோர்லின் நோயுள்ள வெள்ளையர்களில் பெரும்பாலோருக்குப் பேசல் செல் புற்றுகள் வருகின்றன. அதே மரபணுப் பழுதோடு பிறந்த கறுப்பின மக்களுக்கு அவை கணிசமாகக் குறைவு. தாடை எலும்பில் வரும் நீர்க்கட்டி போன்ற மற்றக் குறிகள் இருவருக்கும் வருகின்றன. தோலின் கட்டி மட்டும் குறைகிறது, நடுவில் மெலனின் என்ற தோல் நிறமி நிற்பதால். பிறக்கும்போதே ஒரு பிரதி உடைந்திருந்தாலும், இரண்டாவது பிரதி உடைவதற்கு வெயிலின் உதவி பெருமளவு தேவைப்படுகிறது. அந்த உதவியைத் தடுத்தால் நோயின் போக்கே மாறுகிறது. நட்சனின் கணக்கு இங்கேயும் செல்லுபடியாகிறது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வெண்தோல் நிலையோடு, அதாவது அல்பினிசத்தோடு பிறந்தவர்களுக்கு பி53 முழுமையாக இருக்கிறது, நாட்ச் இருக்கிறது, பேட்ச்டு இருக்கிறது. அடக்கும் மரபணு எதுவும் பிறவியில் கெடவில்லை. இல்லாதது மெலனின் மட்டும். ஆனாலும் ஆப்பிரிக்காவின் வெயிலில், பாதுகாப்பில்லாமல் வளரும் அத்தகைய மக்களில் பலர் நடுவயதை எட்டும் முன்பே ஸ்குவாமஸ் செல் புற்றால் இறந்துபோகிறார்கள். மரபணு கெட்டும் நிறமி காக்கும் நிலை ஒருபுறம், மரபணு நன்றாக இருந்தும் நிறமி இல்லாமல் அழியும் நிலை மறுபுறம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்கள், காவலைச் செல்லின் உட்கருவுக்குள் மட்டும் தேட மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. எல்லாம் எண்ணிக்கைதான் என்பார்கள் சிலர். கண்ணிமைச் செல்லில் ஒன்றிரண்டு பழுதுகள், கட்டியில் பல. பழுதுகள் கூடக்கூட நோய் வரும். இதில் திசு, சூழல் என்று பேச என்ன இருக்கிறது? எண்ணிக்கைக்கு முக்கியத்துவம் உண்டு என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் காட்டுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமலிருக்க நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை அவர்கள் ஆயுள் முழுக்க உண்கிறார்கள். வெள்ளைத் தோலினரில் இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்று வரும் ஆபத்து பல பத்து மடங்கு உயர்கிறது. ஏற்கெனவே தோலில் இருந்த பிறழ்ந்த திட்டுகளைக் கட்டுக்குள் வைத்திருந்த நோயெதிர்ப்புச் செல்கள் கை தளர்ந்துவிட்டன என்பதே இதற்கு முதன்மையான விளக்கம். இந்தச் சான்று முற்றிலும் தூயதன்று. அசதியோபிரின் போன்ற பழைய மருந்துகள் வெயிலோடு சேர்ந்து தாமே டிஎன்ஏவைக் கெடுக்கின்றன. இருந்தாலும், ஒரு முறை இந்தப் புற்று வந்தவர்களுக்கு மருந்தை மாற்றி சிரோலிமஸ் கொடுத்தபோது அடுத்த கட்டிகள் குறைந்தன என்று 2012இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியது. தோலில் அதற்குள் சேர்ந்துவிட்ட பிறழ்வுகளை எந்த மாத்திரையும் அழித்திருக்க முடியாது. செல்களைச் சுற்றியிருந்த சூழல் மாறியது. நோயின் வேகம் மாறியது.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, ஏனெனில் அது மனிதர்களின் அன்றாட முடிவுகளைத் தொடுகிறது. சிறு வயதிலேயே வெயில் நம் மரபணுக்களைக் கெடுத்துவிட்டது; இனிமேல் தொப்பி போட்டு என்ன, களிம்பு பூசி என்ன? வெயிலுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை, 1621 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேர் தலை, கழுத்து, கைகளில் தினமும் வெயில்காப்புக் களிம்பு பூசிக்கொண்டார்கள். மற்றவர்கள் தம் வழக்கப்படியே நடந்துகொண்டார்கள். அனைவரும் பெரியவர்கள். உலகிலேயே தோல் புற்று மிக அதிகமாக வரும் நிலத்தில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்தவர்கள். அவர்கள் தோலில் முதல் வேலை எப்போதோ முடிந்திருக்கும். நாலரை ஆண்டுகளில், தினமும் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, புதிய மெலனோமா களிம்புக் குழுவில் 11 பேருக்கும் மற்றக் குழுவில் 22 பேருக்கும் வந்திருந்தது. நாலரை ஆண்டுகளுக்குள்ளேயே கிடைத்த பலனுக்கு, புதிய பிறழ்வுகளைத் தடுத்தது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஏற்கெனவே கெட்ட செல்களுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும் இரண்டாம் வேலை தடைபட்டிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். பேசல் செல் புற்று மட்டும் அந்தக் காலத்தில் குறையவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பேட்ச்டு பாதை கெட்ட செல்லுக்கு வெயிலின் இரண்டாம் உதவி அவ்வளவாகத் தேவைப்படாமல் இருக்கலாம். என் வாதம் எல்லாத் தோல் புற்றுகளுக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று நான் உரிமை கொண்டாடவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கவலை, கறுத்த தோலுள்ள நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தமிழ்ச்சூழலில் நிறைய உண்டு. அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நம் மெலனின் பெரிய காப்பு. அந்தக் காப்பையும் இயக்கும் கைகளில் ஒன்று பி53தான். வெயில் பட்ட தோல் செல்லில் பி53 விழித்து ஒரு ஹார்மோன் மூலத்தை உண்டாக்கச் சொல்கிறது. அதிலிருந்து பிரியும் செய்தி நிறமிச் செல்லை எட்டி மெலனினைப் பெருக்குகிறது என்று பாஸ்டனில் டேவிட் ஃபிஷர் குழு 2007இல் கண்டறிந்தது. வெயிலில் முகம் கறுத்துவிட்டதே என்று வருந்துகிறோமே, அந்தக் கறுப்பு நம் காவலின் செயல். அதைச் சிவப்பழகுக் களிம்புகளால் வெளுக்க நினைப்பது எனக்குத் துயரமாகவே இருக்கிறது. நியாயமில்லாத மறுபாதி, கறுத்த தோலுக்குப் புற்றே வராது என்ற நம்பிக்கை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கு வெயில் பெரும்பாலும் காரணமில்லை. ஆகவே நிறமி அங்கே காப்பதுமில்லை. பாப் மார்லியின் கால்விரலில் வந்தது அதுதான். 1981இல் 36 வயதில் அவர் இறந்தார். பழைய தீக்காயத் தழும்புகளிலும் ஆறாத புண்களிலும் ஸ்குவாமஸ் செல் புற்று வருவதை இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அங்கேயும் வெயில் இல்லை. ஓயாமல் புண்பட்டு ஓயாமல் ஆற முயலும் திசு இருக்கிறது. சூழல் கெட்டால் மரபணுவின் காவல் தளரும் என்பதை வேறொரு வழியில் அந்தத் தழும்புகள் சொல்கின்றன.

நம்மிடையே, எண்ணிக்கையில் சிலராக இருந்தாலும், இந்த அறிவு இன்றே தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோயில், புறஊதாக் கதிர் செய்த பிழையைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று இரு பிரதிகளிலும் கெட்டிருக்கும். திருத்தும் திறன் குறைந்திருப்பதை 1968இல் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். இருபது வயதுக்குள் இவர்களுக்குச் சாதாரணத் தோல் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பத்தாயிரம் மடங்கு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பதால், அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளிகள் பரவுவதும், வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசி அழுவதும், சிறு வெயிலிலேயே தோல் கடுமையாக வெந்துபோவதும் இதன் அறிகுறிகள். அந்த மரபணுவை இன்று நம்மால் மாற்ற முடியாது. வெயிலை மறிக்க முடியும். கண்டிப்பாக மறித்து வளர்க்கப்படும் குழந்தைகளுக்குப் புற்று வெகுவாகக் குறைகிறது, தள்ளிப்போகிறது.

தான்சானியாவின் மோஷி நகரில், வட்டாரத் தோல் மருத்துவப் பயிற்சி மையத்தில், அல்பினிசம் உள்ளவர்களுக்காகவே கிலிசன் என்ற வெயில்காப்புக் களிம்பைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்க 1994லிருந்தே மருத்துவ சேவைக் கழகம் இருக்கிறது. ஜெரோடெர்மா குழந்தைகளும் அல்பினிசத்தோடு பிறந்தவர்களும் எந்த மாவட்ட அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனாலும், தரமான வெயில்காப்புக் களிம்பும் முழுக்கை ஆடையும் புறஊதாக் கதிரை மறிக்கும் கண்ணாடியும் ஆண்டு முழுவதும் தடையில்லாமல், காசில்லாமல் கிடைக்க வேண்டும். அழகுப் பொருள் கடையில் விலை பார்த்து வாங்கும் பொருளாக அந்தக் களிம்பு அவர்களுக்கு இருக்கக் கூடாது. இன்சுலினைப் போல அதுவும் அவர்களுக்கு மருந்து. தோல் மருத்துவர்களும் சுகாதாரத் துறையினரும் இதை எழுத்தில் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும்.